பாட்டைக் கட்டியவர் உயிரோடு இருக்கிறார்

சென்னையில் பாடல்களைப் பதிவுசெய்து வெளியிடும் இசை நிறுவனத்தாருக்கும் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ ஒருவர் இறந்துவிட்டால், அன்றிரவு கானா பாட வருகிறவர் முதலில் வீட்டாரிடம் உட்கார்ந்து விசாரிப்பார். இறந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினாரா, மீன்பாடி வண்டி ஓட்டினாரா, பிள்ளைகள் எத்தனை பேர், யாரோடு பேசாமலேயே கண்ணை மூடினார் என்பதையெல்லாம் கேட்டறிந்து, அவற்றைச் சந்தத்துக்குள் அடக்கி, விடிவதற்குள் ஒரு பாட்டாகக் கட்டிவிடுவார். என் தந்தை பின்னி ஆலைத் தொழிலாளி. அவருடைய பதினாறாம் நாளில் பாடிய பாட்டில் அவருடைய தூக்குவாளியும் இருந்தது, ஆலை மூடிய பிறகு அவர் காலையில் எங்கே போவதென்று தெரியாமல் தெருமுனையில் நின்றதும் இருந்தது. அவரைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் யாரும் அத்தனை வரிகள் சொன்னதில்லை.

இப்படிப் பாட்டுக் கட்டுகிறவர்களின் வரிகள் உங்கள் வெளியீடுகளில் இடம்பெறும்போது, பாடலாசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘மரபுப் பாடல்’ என்றோ ‘நாட்டுப்புறப் பாடல்’ என்றோ அச்சாவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கேட்பதற்கு அது மரியாதையான சொல்தான். ஆனால் மரபு என்று எழுதிவிட்டால் உரிமை கோர ஆளில்லை, பங்கு கொடுக்கவும் வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

கானாக்காரர்களே சினிமா மெட்டை எடுத்துப் பாடுவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பாடுகிறார்கள், மறைப்பதற்கில்லை. மெட்டு இன்னொருவருடையது என்றால் மெட்டுக்கு உரியவர் பெயரைப் போடுங்கள், சொல்லுக்குச் சொல் கட்டியவர் பெயரைப் போடுங்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

கானாவுக்குக் கேட்பவர்கள் உண்டா என்ற ஐயம் இனி யாருக்கும் இருக்க முடியாது. இசையமைப்பாளர் தேவா இந்த இசையைத் திரைக்குக் கொண்டுவந்து முப்பது ஆண்டுகளாகின்றன. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடியதையும், 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா பாடியதையும் தமிழகமே முணுமுணுத்தது, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் கானா பாடகி இசைவாணி இடம்பெற்றார். பாடகர்களின் பெயர் இப்படி வெளியே தெரிந்திருக்க, இரவெல்லாம் உட்கார்ந்து பாட்டுக் கட்டிக்கொடுத்த எத்தனையோ பேர் பெயரின்றி இருக்கிறார்கள்.

2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் உங்கள் வழக்கறிஞர்களுக்குத் தெரியாததன்று. திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெற்ற பாடலை எழுதியவரும் அதற்கு இசையமைத்தவரும், திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர்த்த பிற பயன்பாடுகளில் கிடைக்கும் உரிமத்தொகையில் (ராயல்டி) தமக்குள்ள சமபங்கை, தாமே விரும்பினாலும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது அது. படைத்தவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை தொடர்கிறது. இருந்தும், நான் அருகிலிருந்து பார்த்த ஓர் ஒப்பந்தம் (நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்) முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்திட்டவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருப்பவர். கைக்கு வந்த ஒற்றைத் தொகையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டது.

ஆகவே, ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். பாட்டைக் கட்டியவரை, உரிமத்தொகையை வசூலித்துப் படைத்தவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற உரிமச் சங்கத்தில் உறுப்பினராக்க உதவுங்கள். அந்தப் படிவங்களை நிரப்புவது உங்கள் அலுவலகத்துக்கு அரைநாள் வேலை, அவருக்கோ அது தனியாகத் தாண்ட முடியாத மதில்.

என் தந்தைக்குப் பாடியவர் எழுபதைக் கடந்துவிட்டார். அன்று அவர் கட்டிய வரிகளில் நான்கு, ஒரு வெளியீட்டில் ‘மரபு’ என்ற பெயரில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் சொல்லை நீக்கிவிட்டு அவர் பெயரை எழுத உங்களில் யார் முன்வந்தாலும், அவருடைய முகவரியை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன்,
வடசென்னை