ஏறின கியரிலேயே இறங்கு

கோரிமேடு, சேலம்
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணுவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஊறுகாய் போட்டாள். பெரியம்மாவுக்கு என்று வைத்திருந்த பாட்டிலையும் உன் பக்கம் நகர்த்திவிட்டாள், அதற்கு ஒரு சண்டை வரும்.

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். மாப்பிள்ளை பேசினார். கார் பத்து நாளாக சர்வீஸில் இருக்கிறது என்றார். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. சர்வீஸுக்கு ஒரு நாள் போதும் கண்ணு. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு அது தெரியாதா?

சரி, அதை விடு. பொங்கலுக்கு எங்களை ஏற்காடு கூட்டிப் போனாயே, அதை ஸ்டாண்டில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் என் பொண்ணு திருப்பினாள் என்று. இறங்கும்போது, ஏறி வருகிற வண்டிக்கு நீ ஒதுங்கி நின்றாய் பார், இப்போது யார் அதைச் செய்கிறார்கள்? ஏறும்போது பஸ்ஸுக்குப் பின்னால் மேட்டில் நின்று எடுத்தோமே, நீ பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி தானாகவே ஓரிரு நொடி நழுவாமல் நின்றது. எஸ்டேட் ஜீப்பாக இருந்தால் அந்த இடத்தில் ஒருத்தன் குதித்து டயருக்குக் கட்டை போட வேண்டும், கிளட்ச் கருகுகிற வாடை வேறு. பின் சீட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா பார்த்துவிட்டாள்.

பிரேக் மிதிக்கும்போது சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ்ஸையும் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் காலத்து வண்டியில் மழையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் இறுகிவிடும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேரே வழுக்கும். விட்டு விட்டு மிதிக்கப் பழகவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது வண்டியே அதைச் செய்கிறது, என் காலை விட வேகமாக. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் கட்டாயம் ஆக்கினார்கள், நல்ல காரியம். பெடல் அதிர்ந்தால் பயந்து காலை எடுத்துவிடாதே, அழுத்தியே பிடி.

ஆனால் ஏற்காடு போனதற்கு முந்தின நாள், பெங்களூரிலிருந்து வரும்போது, கிருஷ்ணகிரி தாண்டி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு போனைப் படித்தாய். "வண்டியே பார்த்துக்கும்பா" என்றாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தாள், வாயை மூடிக்கொண்டேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கேமரா ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான் வண்டியை நடுவில் வைக்கிறது. கோடு அழிந்த இடத்தில், அடைமழையில், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் அதற்குக் கண் தெரியாது. அந்த நேரம் உன் கண் எங்கே இருக்கும்? வண்டி உனக்கு ஒத்தாசைதான் செய்யும் கண்ணு, ஓட்டுவது நீதான்.

தொப்பூர் இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்கு. ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் கியரைக் கீழே பிடித்து வைக்க வழி இருக்கிறது, மாப்பிள்ளையைக் கேள். லாரிகளிடம் இடைவெளி விடு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுக்கொண்டு வருவான், பிரேக் போய்விடும்.

இந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ ஒண்ணாவது படித்த வருஷம், சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து ஜீப்பில் இறங்கினோம். உன் இடது புருவத்துத் தழும்பு. பிரேக் ஃபெயிலியர் என்று அம்மாவிடம், தாத்தாவிடம், உன்னிடம், எல்லோரிடமும் சொன்னேன். நியூட்ரலில் விட்டது நான்தான். ஐந்து, பத்து ரூபாய் டீசலுக்காக. இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதித்து வந்தேன். டிரம் காய்ந்து, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. பள்ளத்துப் பக்கம் விடாமல் பாறையில் கொண்டுபோய் மோதினேன். அதை என் சாமர்த்தியம் என்று எல்லோரும் சொன்னார்கள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். முந்தின வாரம் பிரேக் பார்த்துக் கொடுத்த மெக்கானிக்கைப் பட்டறை வாசலில் வைத்துத் திட்டினேன். அந்த மனுஷன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், காசு வாங்காமல் மறுபடியும் செய்து கொடுத்தார். இப்போது அவர் இல்லை. உன் வண்டியில் இருக்கிற அத்தனையும் அந்த ஜீப்பில் இருந்திருந்தாலும், அப்படிச் சூடேறின பிரேக் பிடித்திருக்காது. இரண்டாவது கியரில் விட்டிருந்தால் எஞ்சினே பிடித்திருக்கும். ஓட்டினவன் சரியில்லை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ வரும்போது உன் முன்னாலேயே சொல்கிறேன்.

வண்டிக்கு என்ன ஆனது என்று கேட்க மாட்டேன். யார் மேல் தப்பு என்றும் கேட்க மாட்டேன். உனக்கு அடி படவில்லையே? அதை மட்டும் சொல். வண்டி வர நாளாகும் என்றால் பஸ்ஸில் வா, புது பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்து நிற்கிறேன்.

அப்பா