மஸ்டரில் கை வைக்காதே

14.7.2024
ஞாயிறு

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாடித் தொட்டி மறுபடியும் கசிகிறது. ஊருக்கெல்லாம் வீடு கட்டினவர் வீட்டுத் தொட்டி இப்படியா என்று உன் தங்கை சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

போனில் பேசாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போன் பண்ணினால் "சைட்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறத்துக்காக இருபத்திரண்டு நாளாகக் காத்திருக்கிறேன். வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்புங்கள் என்றாள் தங்கை. அப்படி அனுப்புகிற விஷயம் இல்லை இது.

வெள்ளிக்கிழமை கவிதா பேசினாள். நீ ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்றாள். நான் துருவித் துருவிக் கேட்டதால்தான் மீதியும் வந்தது, அவளைத் திட்டாதே. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பீகார் பையன் விழுந்துவிட்டானாம். இருபத்தைந்து வயசாம். இடுப்பு எலும்பும் ஒரு காலும் போயிருக்கிறதாம். உயிருக்கு ஆபத்தில்லை என்றாள், நல்லது. போனை வைக்கிற நேரத்தில், போகிற போக்கில், "குடிச்சிருந்தான்னு சொல்றாங்க மாமா" என்றாள். அன்றையிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நீ படித்தவன். பத்து மாடிக் கட்டடத்துக்கு என் பையன் கையெழுத்துப் போட்டால்தான் கான்கிரீட் இறங்கும் என்று டீக்கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், உனக்கே தெரியும். ஆனால் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் பதினோரு வருஷம் இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மஸ்டர் ரோல், தினமும் வேலைக்கு வந்த ஆட்களின் பெயர் எழுதுகிற பதிவேடு. அதில் கை வைக்காதே. விபத்து நடந்தால் ராத்திரியோடு ராத்திரியாக முதலில் காணாமல் போவது அந்தப் பக்கம்தான். அந்தப் பையன் பெயர் அன்றைக்கு எப்படி எழுதியிருந்ததோ அப்படியே இருக்கட்டும். எழுதாமல் விட்டிருந்தால் அதையும் எழுதாமல் விட்டோம் என்றே சொல்லு. கூலி கொடுத்த வவுச்சர், கூட வேலை செய்த ஆட்கள், போன் பே கணக்கு என்று வேலை செய்ததற்குச் சாட்சி எங்கிருந்தாவது வரும். கிழித்தவன் கைதான் மாட்டும்.

"அவன் எங்க ஆள் இல்லை, லேபர் கான்ட்ராக்டர் ஆள்" என்று உங்கள் ஆபீஸில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வேலையில் அடிபட்டவனுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்கிற 1923 சட்டம் இருக்கிறது. முன்னே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்றிருந்தது, 2010-லிருந்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியிருக்கிறது. அதில் 12-வது பிரிவைப் படி. வேலையைக் குத்தகைக்கு விட்டவரும் பொறுப்புதான். அடிபட்டவனுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் கான்ட்ராக்டரிடம் வசூல் பண்ணிக்கொள்ள வேண்டியது. தினக்கூலி, தற்காலிகம் என்கிற பேச்சும் 2000-த்திலேயே போய்விட்டது. அந்தப் பையனுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு போட்டிருந்தீர்களானால் வழி வேறு, அங்கேயே எல்லாம் கிடைக்கும். போட்டிருந்தால் நீ இப்படித் தூங்காமல் இருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

பெல்ட் மாட்டவில்லை என்பார்கள். பெல்ட் கொடுத்தீர்களா? கொடுத்த பெல்ட்டின் கொக்கியை மாட்ட மேலே கயிறு இருந்ததா? நான் பார்த்த பாதி சைட்டில் பெல்ட் ஆபீஸ் ரூம் ஆணியில் தொங்கும், இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் இடுப்புக்கு வரும். போடு என்று தெளிவாகச் சொல்லி, அவன் வேண்டுமென்றே மீறினான் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். அசதி, கவனக்குறைவு எல்லாம் மீறினதில் சேராது. 

அவனை ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது என்று யாராவது சொன்னால் அதுவும் நடக்காது. அவன் குடியிருக்கும் ஊரில் இருக்கிற இழப்பீட்டு ஆணையரிடமே மனுப் போடலாம், விபத்து நடந்த இடத்துக்கு வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு வருஷம் டைம் இருக்கிறது.

மஸ்டரை மறக்காதே.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், நீ கணக்கில் கெட்டி, சரிபார்த்துக்கொள். மாசக் கூலி எவ்வளவு வாங்கினாலும் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். முழு ஊனம் என்றால் அதில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை வயசுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும், இருபத்தைந்து வயசுக்குச் சட்டத்தின் பட்டியலில் 216.91 போட்டிருக்கிறது. பெருக்கினால் 19,52,190 ரூபாய். ஓரளவு ஊனம் என்றால் அதில் எத்தனை சதவீதமோ அத்தனை. இங்கேதான் ஏமாற்றுவார்கள். உடம்பில் எவ்வளவு ஊனம் என்பது ஒன்று, சம்பாதிக்கிற சக்தி எவ்வளவு போச்சு என்பது வேறு. இடது கை முழங்கைக்கு மேலே போன ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை முடியாது, அதனால் அது முழு ஊனம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லிவிட்டது. சாரத்தில் ஏறிப் பிழைக்கிறவனுக்கு இடுப்பு போனால் என்ன கணக்கு என்று டாக்டர் எழுத வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கத் தனி, இதில் கழிக்கக் கூடாது. படுத்திருக்கிற நாளுக்கு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மாசக் கூலியில் கால்பங்கு. ஒரு மாசத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் இழப்பீட்டில் பாதி வரைக்கும் அபராதம்.

இதையெல்லாம் உன்னிடம் எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு வேற வேலை இல்லை, செவ்வாய்க்கிழமை ஆனால் சேலம் பஸ் ஏறிவிடுவார், லேபர் ஆபீஸ் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வருவார் என்று நீயும் உன் மாமாவும் பேசினது என் காதில் விழாமல் இல்லை. தகரப் பெட்டி நிறைய ஃபைல், யார் யாரோ வழக்கு, பஸ் காசு கூடக் கையிலிருந்து. அம்மாவும் கேட்டிருக்கிறாள், எதற்கு இந்தப் பாடு என்று. யாரிடமும் பதில் சொன்னதில்லை.

மாணிக்கம் மாமாவை உனக்கு நினைவிருக்கும். தேருக்கு உன்னைத் தோளில் தூக்கிப் போனவர். சாரத்திலிருந்து விழுந்தார் என்று தெரியும் உனக்கு. மீதியைச் சொல்கிறேன்.

2004 கார்த்திகை. நீ பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். நான் மேஸ்திரி, இரண்டாவது மாடி வெளிப்பூச்சு நடக்கிறது. சாரம் கட்டின கயிறு முந்தின சைட்டில் அவிழ்த்தது. காலையில் மாணிக்கம் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினார், நார் தூளாகக் கொட்டியது. "அண்ணே, புதுக் கயிறு வந்தப்புறம் ஏறட்டுமா?" என்றார். "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டு, நாளைக்கு வாங்கிடலாம்" என்றேன். பத்தரை மணிக்குப் பலகை சாய்ந்தது. கலவைப் பாண்டு விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது, அப்புறம் அவர்.

சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி. கழுத்து மாலை அறுந்து மணியெல்லாம் கலவையில் சிதறிக் கிடந்தது. சித்தாள் ஒருத்தி அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று ராத்திரி கட்டட முதலாளி வீட்டில் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்கள். அவர் குடித்திருந்தார் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மாலை போட்டவர் குடிப்பாரா? ஊருக்கே தெரியும். ஆனால் தாளுக்குத் தெரியாதே. எழுதினேன். "மேற்படி நபர் மது அருந்தியிருந்தார்." மாணிக்கம் என்று எழுதக் கை வரவில்லை, மேற்படி நபர் என்று எழுதினேன். மறுநாள் அந்தத் தாளை அவர் சம்சாரத்திடம் காட்டி, குடித்திருந்தால் சட்டப்படி ஒரு பைசா கிடையாது, இதையாவது வாங்கிக்கொள் என்று இருபதாயிரம் கொடுத்து, இனிமேல் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று கைநாட்டு வாங்கினார்கள். வாங்கினார்கள் என்ன, நான்தான் மைப்பெட்டியை நீட்டினேன். கயிறு விஷயம் அம்மாவுக்குத் தெரியும். இது தெரியாது.

நாலு வருஷம் கழித்துச் சங்கக் கூட்டத்தில் ஒரு வக்கீல் வந்து பேசினார். குடித்திருந்தான் என்கிற சாக்கு சாவுக்கும் செல்லாது, நிரந்தர முழு ஊனத்துக்கும் செல்லாது, சட்டத்தில் அப்படியே இருக்கிறது என்றார். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதி வாங்கின எந்தத் தாளும் செல்லாது, 17-வது பிரிவு என்றார். மாணிக்கத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. நான் எழுதின அந்தப் பொய்க்குச் சட்டத்தில் ஒரு பயனும் இல்லை, அந்தப் பெண்ணைப் பயமுறுத்த மட்டும்தான் அது உதவியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கேலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். அப்போது 4,000 வரைதான் கூலி கணக்கு, அதில் 60 சதவீதம் 2,400. அவருக்கு முப்பது வயசு, 207.98. பெருக்கினால் 4,99,152 ரூபாய் வந்தது. மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன்.

இரண்டு வருஷக் கெடு முடிந்திருந்தது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள ஆணையருக்கு அதிகாரம் உண்டு. அந்தக் காரணம் நான்தான். நான் போய், நான் எழுதினது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. ஊரார் வழக்குக்கெல்லாம் செவ்வாய் தவறாமல் சேலம் போனேன், அந்த ஒரு வழக்குக்குப் போகவில்லை. நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய், ஊரில் பேர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பேரைச் சாக்காக வைத்தேன். 2011-ல் படுக்கைப் புண்ணோடேயே போய்விட்டார். நீ லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. நான் வாசலோடு நின்றுவிட்டு வந்தேன்.

செல்வம், உன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இல்லை என்று எழுதும்போதே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவன் குடித்திருந்தான் என்று எவன் சொன்னான்? ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் எழுதினாரா, இல்லை ராத்திரி ஆபீஸில் உட்கார்ந்து யாராவது எழுதினார்களா? அந்தத் தாளில் யார் கையெழுத்து இருக்கிறது? கேட்கவில்லை என்று மேலே எழுதினேன். கேட்கிறேன்.

வேலை போய்விடும் என்று பயந்தால் அதையும் சொல்லு. வீட்டுக் கடன் தவணை எனக்குத் தெரியும். அம்மா பேரில் இருக்கிற டெபாசிட் அப்படியே இருக்கிறது. திட்ட மாட்டேன். திட்டுகிற இடத்தில் நான் இல்லை.

இன்னொன்று, அங்கே மீதி இருக்கிற ஆட்களுக்காவது கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு பண்ணிக் கொடு. வருஷத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் போதும், பதினெட்டிலிருந்து அறுபது வயசு வரை யாரும் பதியலாம். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் செஸ் வரி கட்டுகிறீர்களே, அது அவர்கள் பணம்தான். சாரக் கயிறையும் சாரக் குழாயைப் பூட்டுகிற கப்ளாக்கையும் தினமும் காலையில் நீயே போய்த் தொட்டுப் பார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் போதாது.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் பெங்களூர் வருகிறேன். அம்மாவிடம் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று மட்டும் தங்கை போனுக்கு அனுப்பு. பட்டியல் புத்தகத்தையும் பழைய மனு மாதிரி ஒன்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். எனக்கு இந்தி வராது, அதனால் நீயும் என்னோடு உள்ளே வர வேண்டும்.

அன்புடன்
அப்பா