சாலைக்கு நிதி சரி, பராமரிப்புக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

நகருக்குள் புதிய பிரதானச் சாலை அமைக்க அரசு நிதி ஒதுக்குவதை வரவேற்கிறேன். சரக்கு லாரியும் ஆம்புலன்ஸும் ஒரே குறுகிய தெருவில் முட்டிக்கொண்டு நிற்பதை எத்தனை காலம் பொறுப்பது? ஆனால் அகலம் மட்டுமே நெரிசலைத் தீர்க்காது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையைப் பெருஞ்செலவில் விரிவாக்கி 2008-இல் முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே நெரிசல் திரும்பிவிட்டது. இடம் கிடைத்தால் கார்கள் பெருகும். எனவே பஸ்ஸுக்குத் தனித் தடமும் நடைபாதையும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். (பிறகு சேர்ப்போம் என்பார்கள், நம்ப வேண்டாம்.) குடிநீர்க் குழாய், மின் கேபிள், வடிகால் அனைத்தையும் தார் போடுவதற்கு முன்பே பதித்துவிட வேண்டும். திறப்பு விழாவுக்கு எப்படியோ நிதி கிடைத்துவிடுகிறது, பராமரிப்புக்குத்தான் கிடைப்பதில்லை. பராமரிப்புத் தொகையையும் இதே நிதி ஒதுக்கீட்டுத் தீர்மானத்தில் சேர்த்து அரசு ஒப்புதல் தரட்டும்.

- ஒரு வாசகர்