அம்மிணிக்கு, உன் கப்பல் மெஷினைப் பற்றி

அன்புள்ள அம்மிணி,

இங்கே எல்லாரும் நலம். மாடியில் நீ வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலை பிழைத்துக்கொண்டது என்று அம்மா எழுதச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதை இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் நீ கட்டிய, விண்கப்பல் கட்டும் மெஷின் மூன்றாவது தடவையும் பாதியில் நின்றுவிட்டது, கட்டியதைப் பிரிக்கும் கிரைண்டரை எடுத்து மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டேன் என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். "எனக்கு எதுவுமே முழுசா முடியறதில்லைப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் பிரிப்பதற்கு முன்னால் எடுத்த சேவ் ஃபைல் இருந்தால் அனுப்பு என்று கேட்டேன். உன் பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டு நாலு ராத்திரி பார்த்தேன். என்னிடம் இருப்பது காப்பிதான், உன் உலகத்தில் ஒரு பிளேட்டைக்கூட நான் தொடவில்லை.

ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் எனக்கு முழுக்கப் புதிதில்லை. பிராக் நகரத்துக் கம்பெனியான கீன் சாஃப்ட்வேர் ஹவுஸ் 2013 அக்டோபரில் அதை முதலில் வெளியிட்டபோது நீ பத்தாவது. பரீட்சை முடிந்த லீவில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பெரிய கப்பலில் ஒரு பிளாக் ரெண்டரை மீட்டர், சின்னதில் அரை மீட்டர்" என்று பாடம் எடுத்தாய். 2019 பிப்ரவரியில் முழுப் பதிப்பு வந்த அன்று ஹாஸ்டலிலிருந்து போன் போட்டுச் சொன்னதும் நினைவிருக்கிறது. அப்போது சும்மா கேட்டுக்கொண்டேன். இந்த வாரம்தான் கையை வைத்தேன்.

முதலில் ஒன்று. நீ கட்டியது நல்ல மெஷின். ஐந்துக்கு ஐந்தாக 25 வெல்டர்களைச் சுவர் போல நிறுத்தி, பின்னால் கன்வேயர் இழுத்துச் சரக்குப் பெட்டியோடு சேர்த்திருக்கிறாய். எதிரே மூன்று பிஸ்டன்களை நீளவாக்கில் பூட்டிய ஒரு கை. அதன் நுனியில் புரொஜெக்டரும், கப்பலைக் கையோடு ஒட்டிப் பிடிக்கும் மெர்ஜ் பிளாக்கும். புரொஜெக்டர் கப்பலின் நிழலைக் காட்ட வேண்டும், வெல்டர்கள் அந்த நிழலில் இரும்பை நிரப்ப வேண்டும், கை பின்வாங்கப் பின்வாங்கக் கப்பல் அடுக்கடுக்காக வளர வேண்டும். இந்த யோசனையில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. அதைப் பிரித்தது மட்டும்தான் எனக்கு வருத்தம்.

மில்லில் சேர்ந்த புதிதில், ஒரு ராத்திரி ஷிப்டில் நூல் நூற்கும் ஒரு ரிங் ஃப்ரேமில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நான் கியர் எண்டைத் திறந்து விடியும்வரை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். காலையில் வந்த மேஸ்திரி எதையும் கழற்றவில்லை. மேலே தொங்கிய ரோவிங் என்ற பஞ்சுத் திரியை விரலில் உருட்டிப் பார்த்தார், அந்தத் திரியைச் செய்யும் சிம்ப்ளெக்ஸுக்குப் போனார், அங்கிருந்து அதற்கும் முன்னால் பஞ்சை இழுத்து நீட்டும் டிராயிங்குக்குப் போனார். அங்கே ஒரு ரோலரில் பஞ்சு சுற்றியிருந்தது. அறுந்த இடம் ஒன்று, கோளாறு இருந்த இடம் அதற்கு இரண்டு டிபார்ட்மெண்ட் முன்னால். அதற்கப்புறம் முப்பது வருஷமும் சரக்கு வந்த வழியிலேயே பின்னால் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தேன்.

உன் மெஷினிலும் அப்படித்தான் நடந்தேன். வெல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஸ்டீல் பிளேட் இருந்தது, கன்ஸ்ட்ரக்‌ஷன் காம்பொனென்ட் இருந்தது. கன்வேயர் எங்கும் விட்டுப்போகவில்லை. பெட்டி நிறைந்திருந்தது, பாகங்களைச் செய்யும் அசெம்பிளரில் உலோகக் கட்டிகளான இன்காட் இருந்தது, கரண்ட்டும் போதும். சரக்கு வராமல் நிற்கவில்லை என்று அரை மணியில் தெரிந்துவிட்டது. நீ மூன்று தடவையும் கன்வேயரைத்தானே பிரித்துப் பிரித்துப் பூட்டினாய்? அது முதல் தடவையே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

சரி என்று மெஷினை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். வெல்டர் ஒரு பிளாக்கை எப்படி வைக்கிறது என்று கவனித்திருக்கிறாயா? கப்பலின் கவசமான லைட் ஆர்மர் பிளாக் ஒன்றுக்கு 25 ஸ்டீல் பிளேட் வேண்டும். ஆனால் முதல் பிளேட் விழுந்ததுமே பிளாக் எலும்புக்கூடாக எழுந்து நின்றுவிடுகிறது. மீதி 24 பிளேட்டும் அதற்கப்புறம்தான் ஏறுகின்றன. அதற்குள் கை அதை வெல்டருக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டால் அது கடைசிவரை எலும்புக்கூடுதான். உன் கப்பலில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது எல்லாம் அப்படி விட்டுப்போனவை.

பிஸ்டன் வேகத்தைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 0.1 மீட்டர் வைத்திருக்கிறாய். ஒரு அடுக்கு ரெண்டரை மீட்டர், அப்படியானால் அடுக்குக்கு 25 விநாடி கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். சந்தேகத்துக்குக் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பத்துப் பத்து மீட்டராக மொத்தம் 30 மீட்டர் கை, 300 விநாடி ஆக வேண்டியது, 100 விநாடியில் உள்ளே போய்விட்டது. மூன்று பிஸ்டனும் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்து ஒரே நேரத்தில் சுருங்குகின்றன, அதனால் மூன்றின் வேகமும் கூடிக்கொள்கிறது. கையின் நுனி விநாடிக்கு 0.3 மீட்டர் போகிறது, அடுக்குக்கு எட்டு விநாடிதான் மிச்சம். மில்லில் ரோலர்களுக்கு நடுவே பஞ்சு எத்தனை மடங்கு நீள்கிறது என்ற டிராஃப்ட்டுகளைப் பெருக்குவோம், இங்கே கூட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றையும் 0.02 ஆக்கினேன். கை முழுக்கச் சுருங்க எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் அடுக்குக்கு 40 விநாடிக்கு மேல் கிடைக்கிறது. உடம்புப் பகுதியில் ஒரு எலும்புக்கூடும் மிஞ்சவில்லை.

கையைத் திருப்பி அனுப்ப ஒரு டைமர் பிளாக் வைத்திருந்தாயே, அதை அணைத்துவிட்டேன். அதற்கு நேரம் போவதுதான் தெரியும், வேலை முடிந்ததா என்று தெரியாது. கொஞ்ச நாளைக்கு நீயே பட்டனை அழுத்து.

முதல் ராத்திரி இத்தோடு படுத்திருக்கலாம். ஆனால் பக்கவாட்டில் வரவேண்டிய நாலு எஞ்சின் கூடுகளில் பின்பாதி வரவே இல்லை. எலும்புக்கூடுகூட இல்லை, வெறும் நிழல். புரொஜெக்டர் பேனலில் இன்னும் எந்தெந்த பிளாக் எத்தனை பாக்கி என்று பட்டியல் வருகிறதல்லவா, அதில் ஆர்மரும், கப்பலைத் தள்ளும் எஞ்சின்களான நாலு பெரிய த்ரஸ்டரும் நின்றன. வேகத்தை இன்னும் குறைத்தேன். அதே இடம், அதே எண்ணிக்கை. ஒரு பிளாக்கூடக் கூடவோ குறையவோ இல்லாமல் அப்படியே நிற்கிறதென்றால், வேகம் காரணமில்லை என்று அப்போது புரிந்தது.

காரணம் அடுத்த நாள் சாயங்காலம் எதிர்வீட்டில் கிடைத்தது. அங்கே மாடி கட்டுகிறார்கள். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்தபிறகுதான் சஜ்ஜாவுக்குப் பலகை அடித்தார்கள். சுவர் இல்லாமல் சஜ்ஜா எதைப் பிடித்து நிற்கும்? உன் கப்பலை நினைத்துப் பார். நீ வாலைக் கையில் பூட்டி, வாலிலிருந்து மூக்கை நோக்கிக் கட்டுகிறாய். எஞ்சின் கூடுகள் உடம்போடு சேரும் இடம் வாலிலிருந்து நாலாவது அடுக்கில் இருக்கிறது. அங்கிருந்து அவை பின்னோக்கி, வாலையும் தாண்டி நீள்கின்றன. நிழல் பிளாக்கை வெல்டர் வைக்க வேண்டுமென்றால், பக்கத்தில் தொட்டுக்கொள்ள நிஜமான ஒரு பிளாக் இருக்க வேண்டும். கூட்டின் பின்பாதி வெல்டருக்கு எதிரே வரும் நேரத்தில் அதைத் தாங்க ஒன்றும் இல்லை. தாங்கும் நாலாவது அடுக்கு எழும்பும்போது பின்பாதி எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. கன்வேயரை ஆயிரம் தடவை மாற்றினாலும் அது வராது, அம்மிணி. நீ தேடிய இடத்தில் அந்தக் கோளாறு இல்லவே இல்லை.

அதனால் கப்பலைத் திருப்பினேன். கப்பலின் வரைபடமான புளூபிரிண்டில் மெர்ஜ் பிளாக்கை வாலிலிருந்து எடுத்து மூக்கில் வைத்தேன், புரொஜெக்டரில் சுழற்சியை இரண்டு படி, அதாவது 180 டிகிரி மாற்றினேன். இப்போது மூக்கு முதலில், வால் கடைசியில். கூடு உடம்பைத் தொடும் இடம் முதலில் எழும்பி, அதன்மேல் பின்பாதி வரிசையாகத் தொற்றிக்கொண்டு வருகிறது. முன்னால் நீட்டிய ஒரு ஆன்டெனா மட்டும் இப்போது அதே காரணத்துக்காக விட்டுப்போகும். அதைக் கையால் வைத்துவிடு, இரண்டு நிமிஷ வேலை.

திருப்பியதும் ஒன்றுமே வேலை செய்யவில்லை என்று பயந்துவிடாதே. நிழல் பளிச்சென்று தெரியும், வெல்டர்கள் சும்மா நிற்கும். கட்டக்கூடியவற்றை மட்டும் காட்டு என்று புரொஜெக்டரில் ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுப் பார். போட்டதும் நிழல் மொத்தமும் மறைந்துவிட்டால் நிழல் எதையும் தொடவில்லை என்று அர்த்தம். எனக்கு ஒரே ஒரு பிளாக் தள்ளியிருந்தது. நிழலின் இடத்தை மாற்றும் ஆஃப்செட்டை ஒரு படி நகர்த்தியதும் மூக்கிலிருந்த மெர்ஜ் பிளாக் மட்டும் தனியாகத் தெரிந்தது. அதுதான் வேண்டும். கப்பலின் வேறு எந்த பிளாக்கும் கையைத் தொடக் கூடாது. தொட்டால் கடைசியில் கப்பல் பிரிந்து வராது.

மூன்றாவது ராத்திரி கூடுகள் வந்தன. நான் அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அவளும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள்.

அப்புறம் பிளாட்டினம். இரண்டு த்ரஸ்டர் முழுசாக வந்தன, மற்ற இரண்டும் பாதியில் நின்றன. இது மட்டும்தான் நிஜமாகவே சரக்குக் குறைவு. பெரிய அயான் த்ரஸ்டர் ஒன்றுக்கு 960 த்ரஸ்டர் காம்பொனென்ட் போகிறது. அசெம்பிளர் திறனை நீ ஒரு மடங்காக வைத்திருப்பதால் ஒவ்வொரு காம்பொனென்டுக்கும் இரும்பு 30 கிலோ, கோபால்ட் 10, தங்கம் 1, பிளாட்டினம் 0.4 கிலோ. ஒரு த்ரஸ்டருக்கே 384 கிலோ பிளாட்டினம், நாலுக்கு 1,536. உன்னிடம் 900 சொச்சம்தான் இருக்கிறது. நீ புறப்பட்ட கிரகத்தின் மண்ணைத் தோண்டினால் அது கிடைக்காது, விண்கற்களில் தேடு. அதுவரை மெஷின் நின்றால் பழுது என்று நினைக்காதே, காத்திருக்கிறது அவ்வளவுதான்.

கடைசி அடுக்குகளில் கப்பல் கனமானதும் கை கிடுகிடுவென்று ஆடியது. இதற்குக் கிளாங் என்று ஒரு சாமி பேரையே வைத்திருக்கிறீர்கள் என்று நீ முன்னால் சொல்லியிருக்கிறாய். மூன்று பிஸ்டனிலும் ஷேர் இனர்ஷியா டென்சர் என்ற தேர்வைப் போட்டேன், ஆட்டம் நின்றது.

ஆக, உன் மெஷினில் நான் மாற்றியது வேகம், திசை, ஒரு படி ஆஃப்செட், பிஸ்டனில் ஒரு தேர்வு, அணைத்தது அந்த டைமர். வெல்டர் சுவரும் கன்வேயரும் பெட்டியும் கையும் நீ வைத்தது வைத்தபடியே இருக்கின்றன. எதுவுமே முழுசா முடியறதில்லை என்று அன்றைக்குச் சொன்னபோது நீ விளையாட்டை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆபீசில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை, நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். எந்த நேரமானாலும் கூப்பிடு. ராத்திரி ரெண்டு மணியானாலும் எனக்கு ஒன்றுமில்லை, நைட் ஷிப்ட் பழகிய உடம்புதான்.

மாற்றிய சேவ் ஃபைலை இதோடு அனுப்பியிருக்கிறேன். விருப்பமிருந்தால் அதைத் திற, இல்லாவிட்டால் உன்னுடையதிலேயே நீ செய்துகொள். முடிந்ததும், கப்பலின் கனெக்டரை நிலையத்தோடு பூட்டிக்கொண்ட பிறகுதான் மெர்ஜ் பிளாக்கை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் மிதந்து போய்விடும். நான் இன்னும் அணைக்கவில்லை. மூக்கு கையிலேயே இருக்கிறது, இரண்டு எஞ்சின் பாக்கி. அதற்குப் பேரும் நீதான் வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா