பென்சீனுக்கு எந்த அம்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மாணவர் பக்கத்தில் வந்த உயர்தர இரசாயனவியல் பாடத்தில், பென்சீனின் (ஆறு காபன் அணுக்கள் வளையமாய் இணைந்த சேர்வையின்) இரு கட்டமைப்புகளுக்கும், அதாவது ஒற்றை, இரட்டைப் பிணைப்புகளை இடம் மாற்றிக் கீறிய இரு படங்களுக்கும் நடுவே சமநிலைக்குரிய இரண்டு அரை அம்புகளைப் போட்டு, இவை மாறி மாறி வரும் என்றும் எழுதியிருந்தீர்கள். கல்லடியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்கே வர வேண்டியது இரு முனையிலும் தலையுள்ள ஒற்றை அம்பு.

அம்புதானே என்று விட முடியாது. சமநிலையில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று மற்றதாக மாறுகிறது. பென்சீனில் உள்ளதோ பரிவு (resonance). பரிவில் இருப்பது ஒரே பொருள். ஒரு படத்துக்குள் அதை அடக்க முடியாமல்தான் இரண்டாகக் கீறுகிறோம். காபன்-காபன் ஒற்றைப் பிணைப்பு சுமார் 154 பிக்கோமீற்றர், இரட்டைப் பிணைப்பு சுமார் 134. பென்சீனிலோ ஆறு பிணைப்பும் ஒரே நீளம், ஏறத்தாழ 139. வகுப்பில் நான், கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்த எங்கள் மட்டக்களப்பு வாவியைக் காட்டுவேன். அந்த உவர்நீர் ஒரு நொடி கடல்நீர், மறுநொடி ஆற்றுநீர் என்றா இருக்கிறது?

பாடம் எழுதியவரை மட்டும் நோக மனமில்லை. 1865 இல் பென்சீனுக்கு வளையத்தை முன்வைத்த இரசாயனவியலாளர் கெக்குலேயே 1872 இல் பிணைப்புகள் இடம் மாறிக்கொண்டிருப்பதாகத்தான் விளக்கினார். 1929 இல் கத்லீன் லோன்ஸ்டேல் எக்ஸ் கதிர் கொண்டு பென்சீன் வளையமுள்ள அறுமெதைல்பென்சீன் பளிங்கை ஆராய்ந்து, வளையம் தட்டையான ஒழுங்கான அறுகோணம் என்று காட்டினார்.

பரிவு என்ற சொல்லும் கொஞ்சம் குழப்புகிறது. பௌதிகவியலில் இசைக்கவையும் குழாயும் வைத்துச் செய்வதும் பரிவுதான். ஆகவே ஏதோ அதிர்கிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு வீடியோக்களில் இரசாயனவியலின் பரிவை உடனிசைவு என்கிறார்கள். "சேர், பரிவும் உடனிசைவும் ரெண்டா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். இதேபோல் நம்முடைய கருநாடி (nucleophile) அங்கே கருக்கவர் பொருள். 1933 இல் இரசாயனவியலாளர் இங்கோல்ட் தந்த அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கருநாடிதான் அழகான தமிழ் என்பது என் எண்ணம். இலத்திரனைக் கொடுக்க இடம் தேடிப் போவதைக் 'கவர்' என்றால் எடுப்பதுபோல் கேட்கிறது. ஆனாலும் இரு நாட்டுச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியாகப் போட்டால் உதவும்.

ஒட்டியதைக் கிழித்தால் தாளும் கிழியும் என்கிறார்கள் பிள்ளைகள். ஆகவே திருத்தத்தைப் பழைய படத்தின் அதே அளவில் போடுங்கள், மேலே ஒட்டிவிடலாம்.

இரசாயனவியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.