மகளுக்கு, கண்ணு மருந்தப் பத்தி

மகள்,

நேத்தும் வீடியோவப் போடாமத்தான் கதைச்சாய். கமரா சரியில்ல எண்டாய், சரி. ஆனா அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம ஒரு நிமிசம் போட்டியே, அப்ப நீ கண்ணாடியக் கழட்டிப் புறங்கையால கண்ணக் கசக்கினத நான் கண்டுட்டன், ரெண்டு கண்ணும் கொவ்வப்பழம் மாதிரி இருந்திச்சு. கேட்டதுக்கு ட்ரை ஐஸ், கண் வறட்சிதான் அம்மா, வேற ஒண்டுமில்ல எண்டுட்டு மழையப் பத்திக் கேட்டாய். அண்டையில இருந்து எனக்கு வேற யோசின இல்ல. தம்பிட விசயம், வேலிக் கேஸ், இந்த முற வெள்ளாம எல்லாம் எழுதத்தான் போன எடுத்தன், ஒண்டும் வருகுதில்ல, உன்ட கண்தான் வந்து நிக்குது.

கண் வறட்சி எனக்குத் தெரியாத வருத்தம் இல்லகா. கற்றாக்ட் எண்டு கண்புரை ஒபரேசன் செய்த பிறகு எனக்கும் கண்ணுக்குள்ள குறுணி மண் கிடக்கிற மாதிரி உறுத்தல். கச்சான் காத்துத் தொடங்கினா சொல்ல வேணாம், பின்னேரமாகக் கண்ணத் திறக்க ஏலா. அதோட தண்ணியா வடியும். தண்ணி வடியிற கண்ணு எப்பிடி வறண்ட கண்ணாகும் எண்டு நான் கிளினிக்கில சண்ட பிடிக்காத குறை. அந்தச் சின்ன டொக்டர் புள்ளதான் இருத்தி வச்சு விளங்கப்படுத்தினா. கண்ணீர் எண்டா வெறும் தண்ணி இல்லயாம், மேல மெல்லிசா ஒரு எண்ணெய், நடுவுல தண்ணி, அடியில கண்ணோட ஒட்டி நிக்கிற வழுவழுப்பு, இந்த எண்ணெய் குறைஞ்சா தண்ணி கெதியாக் காஞ்சிடும், காஞ்சா எரியும், எரிஞ்சாக் கண் தாங்கேலாம ஒரேயடியாத் தண்ணிய ஊத்தும், அது கண்ணில நிக்காம வழிஞ்சு போயிடும். அதால கண்ணால தண்ணி ஓடினாலும் அது வறட்சியா இருக்க ஏலும். நீ சொல்லுறது அதுதான் எண்டு நினைச்சிக்கிட்டுத்தான் எழுதுறன்.

என்ன மருந்து விடுறாய்? போத்தல்ட படத்த அனுப்பு எண்டு மூண்டு தரம் கேட்டுட்டன். கண் சிவப்பு எடுக்கிற மருந்து எண்டு கடையில விக்கிறாங்களே, அத மட்டும் விடாத. அது ரத்த நரம்பச் சுருக்கிறதால விட்ட உடன கண் பளிச்செண்டு வெளுக்கும், வேகம் விட்டதும் முன்னையவிடச் சிவக்கும், மறுகா அது இல்லாம இருக்க ஏலாமப் போயிடும். நபாசொலின், டெட்ராஹைட்ரோசொலின் எண்டு பேர் போட்டிருந்தாக் கீழ வையி. நாலு பேருக்கு முன்னுக்குப் போகக்குள்ள கண் வெளுப்பா இருக்கணும் எண்டு தோணும், தெரியும். அதுக்காக விடாத. டொக்டர் எழுதாம ஸ்டீரோயிட் மருந்தும் விடாத, அது கண்ணுக்குள்ள பிரசரக் கூட்டும்.

உனக்கு வேணும் எண்டா செயற்கைக் கண்ணீர்தான். எனக்குத் தந்தது கார்பொக்சிமெதில்செலுலோஸ், 0.5 வீதம். அந்தப் பேரப் பெட்டியில பாத்துப் பாத்து எழுத்துக் கூட்டிப் பாடமாக்கிட்டன். அக்காட மகள் பாமசியில நிக்கிறாள்தானே, அவள் சொல்றாள் ஹைப்ரொமெலோஸ், சோடியம் ஹயலுரொனேட் எண்டும் இருக்காம், ஒண்டு ஒத்துக்கொள்ளாட்டி மத்ததப் பாக்கிறதுதானாம், ஆளுக்கு ஆள் வேறயாம். எண்ணெய் குறைஞ்ச கண்ணுக்கு எண்ணெய் சேத்த மருந்தும் இருக்கு. தண்ணியா இருக்கிறது பகலுக்கு. ஜெல்லும் களிம்பும் கனநேரம் நிக்கும், ஆனா பார்வ மங்கும், அதால படுக்கப் போகக்குள்ளதான், கார் ஓட இருக்கிற நேரம் வேணாம்.

ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல விடுறாயெண்டா, பழுதாகாம இருக்கப் போடுற மருந்து கலக்காததப் பாத்து வாங்கு. கலந்ததில பென்சல்கோனியம் குளோரைட் எண்டு எழுதியிருக்கும், அது அடிக்கடி பட்டாக் கண்ணுட மேல்தோலயே புண்ணாக்கும். கலக்காதது சின்னச் சின்னக் குப்பியா வரும், விலை கூட. காசப் பாக்காத. தம்பிக்கு அனுப்புறதக் குறைச்செண்டாலும் வாங்கு. நீ எல்லாருக்கும் குடுத்துட்டு உனக்கெண்டு ஒண்டும் வாங்காத ஆள், அதில எனக்குப் பெருமையும் இருக்கு ஆத்திரமும் இருக்கு.

மத்தப் போத்தலத் திறந்து நாலு கிழமையில எறி. நான் லேபல்ல பேனையால தேதி எழுதி வைக்கிறன். இன்னும் கொஞ்சம் கிடக்கே எண்டு வச்சிக்கிட்டு இராத. 2023ல அமெரிக்காவில செயற்கைக் கண்ணீர்ப் போத்தலுக்குள்ளயே கிருமி இருந்து கொஞ்சப் பேருக்குப் பார்வயே போனது, செத்தவங்களும் இருக்காங்க, சும்மா விளையாட்டு இல்ல.

விடுற முறையச் சொல்றன், சிரிக்காத. கையச் சவுக்காரம் போட்டுக் கழுவு. நான் கட்டில்ல மல்லாந்து படுத்துத்தான் விடுறன். கீழ் இமைய ஒரு விரலால மெதுவா இழுத்தாச் சட்டைப் பொக்கெட் மாதிரி ஒரு பள்ளம் வரும், மேல பாத்துக்கிட்டு அந்தப் பள்ளத்துக்குள்ள ஒரே ஒரு துளி. ரெண்டு விட்டா மத்தது கன்னத்தாலதான் போகும். போத்தல் முனை இமையிலயும் படக்கூடாது, மயிரிலயும் படக்கூடாது. விட்டதும் கண்ண மூடு, இறுக்கி மூடாத, மூக்கோரத்து மூலைய ஒரு நிமிசம் அமத்திப் பிடி. வேற மருந்தும் விடுறதா இருந்தா அஞ்சு பத்து நிமிசம் கழிச்சு விடு. சிவப்பு எடுக்கிறத மட்டும் விடாத, சொல்லிட்டன். நந்தியாவட்டைப் பூவும் வேணாம். அம்மம்மா விட்டவதான், இருந்தாலும் வேணாம்.

லேப்டொப்பப் பாத்துக்கிட்டிருந்தாக் கண் வெட்டுறதே குறைஞ்சு போகுமாம். 20 நிமிசத்துக்கு ஒருக்கா 20 அடி தள்ளி எதயாவது 20 செக்கன் பாரு. ஹீட்டர் காத்து முகத்துல நேர அடிக்க விடாத. சுடுதண்ணியில துணி நனைச்சுப் பிழிஞ்சு, கைக்குப் பொறுக்கிற சூட்டுல, மூடின கண்ணுக்கு மேல அஞ்சு பத்து நிமிசம் வையி, இமையோரத்து எண்ணெய் இளகி வரும்.

வாயும் வறண்டு விரல் மூட்டும் நொந்தா டொக்டர்ட சொல்லு, அதுக்கு ரத்தம் சோதிக்கணும். கண் நொந்தாலோ, வெளிச்சம் பாக்க ஏலாட்டியோ, பார்வ குறைஞ்சாலோ அண்டைக்கே போகணும். மறுகா, அலர்ஜிக்குப் போடுற குளிசையும் கண்ண வறட்டும். நித்திரைக்கும் மனசுக்கும் குடுக்கிற சில குளிசையும் அப்பிடித்தானாம். நீ அப்பிடி ஏதும் போடுறாயா? போட்டாக் கண் டொக்டர்ட மறைக்காமச் சொல்லு. எனக்குச் சொல்லாட்டியும் பறவாயில்ல.

மருமகனுக்கு நான் தனியாப் போன் எடுக்கல்ல. நீ வேணாம் எண்டாய், நான் எடுக்கல்ல.

1998ல நீ ஓஎல் சோதின எடுக்கக்குள்ள வாவிக்கு அங்கால எழுவான்கரையில லைட் எரியிறது வாசல்ல நிண்டாத் தெரியும், நம்மட பக்கம் கரண்ட் இல்ல. குப்பி விளக்குக்குக் கிட்டக் குனிஞ்சு இருந்து படிப்பாய், விடியச் சளி சிந்தினாக் கறுப்பா வரும். ஒரு நாள் கண் எரியுது அம்மா, எழுத்துத் தெரியல்ல எண்டு வந்து நிண்டாய். படிக்காம இருக்கிறதுக்குச் சாட்டு எண்டு அகப்பைக் காம்பால அடிச்சன். அடிச்சிட்டு எண்ணெய் முடியும் எண்டு திரியையும் இறக்கி விட்டன். நீ ஒண்டும் சொல்லல்ல, போய் இருந்து படிச்சாய். மறுகா கொப்பிய எடுத்து வைக்கக்குள்ள பாத்தன், கணக்குக் கொப்பியில மூண்டு இடத்துல மை பரவிக் கிடந்திச்சு. அழுததா, புகைக்குக் கண்ணால வடிஞ்சதா எண்டு எனக்குத் தெரியா. நான் கேக்கவும் இல்ல. கொப்பிய மூடி வச்சிட்டுப் படுத்துட்டன். நீ கெம்பசுக்குப் போனதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன், இத ஒருத்தருக்கும் சொல்லல்ல, அப்பாக்கும் சொல்லல்ல. அதுக்குப் பிறகு நீ எங்கயாவது நோகுது எண்டு என்னட்டச் சொன்ன ஞாபகம் எனக்கில்ல.

வறட்சி எண்டு சொன்னா நம்புறன் மகள். இல்ல அம்மா வறட்சி இல்ல எண்டாலும் நம்புவன். சாட்டு எண்டு இனி என்ட வாயால வராது.

போத்தல்ட படத்த அனுப்பு, பின்பக்கம் எழுத்துத் தெரியிற மாதிரி. எனக்கு இப்ப விடிய மூண்டு மணிக்கே முழிப்பு வந்திருது, உனக்கு அது வேலை முடிஞ்சு வாற நேரம். மருந்த விட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டுக் கிடப்பன், போன் தலகாணிக்குப் பக்கத்துலதான் இருக்கும். வீடியோ வேணாம், சும்மா எடு.

அம்மா