'மேட்ச்' ஒன்றல்ல, இரண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மாணவர் பகுதியில் 'மேட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருத்தம், போட்டி, தீக்குச்சி என மூன்று பொருளையும் ஒரே வரியில் போட்டிருந்தீர்கள். படிக்கிற பிள்ளைகள் மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை என்றுதான் நினைப்பார்கள். அப்படியில்லை.

துணிக்கடையில் மேட்சிங் பிளவுஸ் கேட்பதும் டி.வி.யில் மேட்ச் பார்ப்பதும் ஒரே வம்சம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இணை, துணை என்று பொருள். சரிக்குச் சரியான ஆள் எதிரே நின்றால் போட்டிதானே! வரன் பார்ப்பவர்கள் 'நல்ல மேட்ச்' என்கிறார்களே, அதுதான் மூலத்துக்கு ஆக நெருக்கம்.

தீக்குச்சி மேட்ச் வேறு வீட்டுப் பிள்ளை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது விளக்குத் திரி. பிறகு, துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்க வெடியுப்பில் ஊறவைத்த கயிற்றுத் திரிக்கும் அதே பெயர். 1827-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர், உரசினால் பற்றும் குச்சிகளை விற்கத் தொடங்கினார். மடித்த உப்புத்தாளுக்கு நடுவே குச்சியை வைத்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். அவர் வைத்த பெயர் வேறு. ஒட்டிக்கொண்டதோ திரியின் பெயர்.

சிவகாசிப் பக்கம் 'மேட்ச் ஒர்க்ஸ்' பலகைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். உள்ளே கிரிக்கெட் நடக்கிறது என்று சின்ன வயதில் எட்டிப் பார்த்ததுண்டு.

– ஒரு வாசகர், சாத்தூர்